தித்திவங்சா, கோலாலம்பூர், மே மாதம்

3 மே, சனி

ஆஸ்பத்திரியில் அம்மாவை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஏரிக்கு நடந்தேன். வெளிச்சம் வந்ததும் கோரைப் புதர் ஓரம் விரால் குஞ்சுகள் தெரிந்தன. செக்கச்செவேலென்று பெரிய கூட்டம். மொத்தமாக மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு மொத்தமாகக் கீழே போகிறது. அடியில் பெரியது ஒன்று கறுப்பாகக் காவல் நிற்கிறது. விராலில் குஞ்சைக் காப்பது பெரும்பாலும் தகப்பன்தான்.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

4 மே, ஞாயிறு

அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92.

5 மே, திங்கள்

ரொட்டி. பை நிறைய ரொட்டி. அந்தச் சீன ஆன்ட்டி அன்பாகத்தான் போடுகிறார், அதனால்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மீன் தின்பது போக மிச்சமெல்லாம் ஊறி அடியில் போகிறது. அங்கே அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, அழுகி முடித்ததும் பாசிக்கு உரமாகிறது. "ஆன்ட்டி, ஜாங்கான் பாகி ரோத்தி லா" என்றேன், ரொட்டி போடாதீர்கள் என்று. "காசியான், டியா லாப்பார்" என்றார். பசிக்கும் என்று இரக்கப்படுபவரிடம் என்ன வாதாடுவது? குஞ்சுக் கூட்டத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். நாளை வருவார், தெரியும். நானும் வருவேன்.

7 மே, புதன்

நேற்று பகல் முழுக்க மூட்டம், மாலையில் இடியோடு மழை. இன்று விடியும்முன் போனால் திலாப்பியாக்கள் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் தவித்துக்கொண்டிருக்கின்றன. கரை நெடுக. வயிறு கலங்கிவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் தாங்கவில்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைதானே இது. பச்சைத் தண்ணீரில் பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரியில் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் இருப்பதிலேயே குறைவு. பகலில் மூட்டமாக இருந்தால் கையிருப்பும் சேராது. நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரால் நிறையப் பிடித்துவைக்கவும் முடியாது. 30 பாகையில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கொள்ளும். பெரும்பாலான மீன்களுக்கு 5 இருந்தால்தான் நிம்மதி. அதற்குமேல் மழைநீர் சாலை எண்ணெயையும் மண்ணையும் குப்பையையும் வாரிக்கொண்டு வந்து இறங்குகிறது, அடித் தண்ணீரையும் கிளப்பிவிடுகிறது.

ஏரிகளில் நீரூற்றைப் பகலில் ஓட்டுவது கண்ணுக்கு அழகு. அது கலக்கிவிடும் காற்று மீனுக்கு வேண்டியது நடுராத்திரியிலிருந்து விடியும்வரை. இதை யாரிடம் சொல்ல?

விரால் தப்பித்துக்கொள்ளும், மேலே வந்து நேராகக் காற்றை எடுக்கிற மீன் அது. மற்றவை?

ஓட்டமாக வார்டுக்கு வந்தேன். 90. நர்ஸ் மிஸ்ஸி குழாயைச் சரிசெய்து அளவைக் கூட்டினார். 93 வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

8 மே, வியாழன்

அத்தை போனில். ஆபரேஷன் முடிந்ததும் விரால் சூப் கொடுக்கணும், புண் சீக்கிரம் ஆறும், இப்போதே சொல்லிவை என்கிறார். சரி அத்தை என்றேன். சௌ கிட் பசாரில் உயிரோடு கிடைக்கும், வளர்ப்பு மீன். ஏரி விரால் வேண்டாம், அது யார் பிடித்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

9 மே, வெள்ளி

ஆபரேஷன் தேதி இன்னும் சொல்லவில்லை.

10 மே, சனி

இரண்டு பையன்கள், கையில் ரப்பர் தவளை கட்டிய தூண்டில். குஞ்சுக் கூட்டத்தின் நடுவில்தான் வீசுகிறார்கள். காவல் நிற்கும் மீனுக்கு அப்போது பசியில்லை, கோபம்தான். குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டதென்று பாய்ந்து கடிக்கும், மாட்டிக்கொள்ளும். அது போனால் இத்தனை குஞ்சும் பீகாக் பாஸுக்கு இரை. பீகாக் பாஸ் இந்த மண்ணின் மீன் இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது.

கை நடுங்கியது. கத்தவில்லை. "தம்பி, குஞ்சு இருக்குப்பா, அதுக்கு அப்பா இது ஒண்ணுதான்" என்றேன். மலாய்ப் பையனுக்குத் தமிழ்ப் பையன் சொல்லிப் புரியவைத்தான். அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

எட்டு மணிவரை அங்கேயே நின்றேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

12 மே, திங்கள். விசாகம்

புண்ணியத்துக்கு ஆமை விட ஒரு குடும்பம். காதோரம் சிவப்புப் பட்டை போட்ட குட்டிகள், கடையில் விற்கிற அமெரிக்க ஆமைகள். அவை இந்த மண்ணின் ஆமைகளுக்கு இடத்தையும் இரையையும் விட்டுவைக்காது. கடையில் வாங்கியது ஏரியில் பிழைக்காமலும் சாகும். பெரியவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நான் வேண்டிக்கொண்டது" என்றார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மூன்று விட்டார், மீதியைத் திருப்பி எடுத்துப்போனார்.

அப்பாவுக்காக நானும் வேண்டிக்கொண்டேன். எதையும் எதற்குள்ளும் விடவில்லை.

13 மே, செவ்வாய்

94. இட்லி ஒன்று சாப்பிட்டார்!

குஞ்சுகளின் சிவப்பு மங்கிப் பழுப்பேறுகிறது. கூட்டமும் தளர்ந்திருக்கிறது. கானாங்கோழி ஒன்று தன் கறுப்புக் குஞ்சுகளோடு கோரைக்குள் ஓடியது. இன்று எல்லாம் நன்றாக இருக்கிறது. தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தேன், இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

15 மே, வியாழன்

மேற்குக் கரை வாய்க்காலில் எண்ணெய்த் தண்ணீர். வானவில் நிறத்தில் பரவுகிறது, சமையல் எண்ணெய் வாடையும் அடிக்கிறது. படம் எடுத்துப் புகார் அனுப்பினேன். ஒரு எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்பா இரவு முழுக்கத் தூங்கவில்லை. பழைய வீட்டுக் கதவைப் பூட்டினாயா என்று கேட்கிறார். அந்த வீடு இப்போது இல்லை. பூட்டிவிட்டேன் என்றேன்.

எண்ணெய்ப் படலம் மேலே மூடினால் விரால் குஞ்சு எங்கே வந்து காற்று வாங்கும்? மத்தியானம் வார்டில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி புகார். அதே எண்.

16 மே, வெள்ளி

திங்கள் காலை என்று சொல்லிவிட்டார்கள். முதல் ஆள் அப்பாதான்.

18 மே, ஞாயிறு

ஜொகூரிலிருந்து தம்பி வந்துவிட்டான். வாய்க்காலில் இன்னும் எண்ணெய் வருகிறது, அளவு குறைந்திருக்கிறது. நாளை என்னால் போக முடியாது. தம்பியின் போனில் புகார் எண்ணையும் படங்களையும் ஏற்றிக் கொடுத்தேன். அப்பாவை உள்ளே கொண்டுபோனதும் அவன் கீழே இறங்கி, வாய்க்கால் முனையில் நின்று மறுபடி படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் முகம் சுளித்தான். அப்புறம், "எந்தப் பக்கம் என்று காட்டு" என்றான். இப்போதே கிளம்புகிறோம், இருட்டுவதற்குள்