உறவுமுறை என்ற கட்டம்

மருத்துவமனைப் படிவத்தில் 'நோயாளிக்கு உறவுமுறை' என்று ஒரு கட்டம். முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவர் மூச்சுத் திணறலோடு ஸ்ட்ரெச்சரில் உள்ளே போய்விட்டார். நான் 'நண்பர்' என்று எழுதினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட உறவினர் வேண்டும் என்று என்னை வெளியே உட்கார வைத்தார்கள். இருபது வருடமாகப் பேசாத அவர் அண்ணன் வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது.

அப்போது எனக்கு 64. முதுமை என்றால் முட்டிவலி, மறதி என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அவர் தேறி வீடு வந்ததும் வக்கீலைப் பார்த்தோம். உயில், வங்கி நாமினி, நினைவு தப்பினால் சிகிச்சை முடிவை யார் எடுப்பது என்ற பத்திரம். காகித வேலை சீக்கிரம் முடிந்தது.

வெட்கம்தான் போகவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல். எனக்கு 33 வயது. 'நோய்' என்று கேட்டே வளர்ந்த காது. பட்டியல் மாறியும் எனக்குள் மாறவில்லை. மறைப்பதும் தன்னையே வெறுப்பதும் வயதான காலத்தில் மனச்சோர்வாக வந்து நிற்கும், உண்மை தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இருந்தால் பாரம் குறையும் என்றார் ஆலோசகர். எட்டு மாதம் அவரிடம் போனேன்.

இளமையிலேயே புயலைத் தாண்டியவர்களுக்கு முதுமையின் இழப்புகளைத் தாங்கும் பழக்கம் இருக்கும் என்றும் சொல்வார்கள். எங்களுக்கு அது பாதிதான் பொருந்தியது. சமைக்க, துவைக்க, தனியாக முடிவெடுக்க இருவருக்கும் தெரியும். உதவி கேட்கத்தான் தெரியாது.

பிள்ளைகள் இல்லாததால் கேட்கப் பழகினோம். எங்களைப் போல இன்னொரு ஜோடி, தோழியை இழந்து தனியாக இருக்கும் ஒரு அக்கா, எதிர்வீட்டுப் பையன். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சுற்று ஃபோன். எடுக்காவிட்டால் சாவி வைத்திருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். பையனிடம் விஷயத்தைச் சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். சொன்னபின் ஒரு வாரம் அவன் முகம் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் அவனே சாவி கேட்டு வந்தான்.

போன மாதம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. அதே கட்டம். 'இணையர்' என்று எழுதினேன். கை நடுங்கி எழுத்து கோணலாகிவிட்டது. நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்கு எந்தக் காது நல்லாக் கேக்கும் சார்?"

"இடது."

குறித்துக்கொண்டார்.