கப்பலைக் கூப்பிட்டால் எப்போது வரும்?

ஓய்வு நேரத்தில் கோடோ என்ற, கேம் செய்ய உதவும் மென்பொருளில் ஒரு சின்ன விண்வெளி வணிக கேம் செய்துகொண்டிருக்கிறேன். 60 நட்சத்திர மண்டலங்கள், ஐந்து வகைக் கப்பல்கள். போன ஆறு வாரமும் அதில் ஒரே ஒரு பட்டனுக்குச் செலவாகிவிட்டது: 'கப்பலை இங்கே வரவழை'.

தேவை என்னவோ நியாயமானதுதான். சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு எங்கோ ஒரு ஓரத்து ஸ்டேஷனுக்குப் போயிருப்போம். அங்கே கொள்ளையரை விரட்டும் வேலை ஒன்று நல்ல பணத்துக்குக் கிடைக்கும். போர்க்கப்பலோ புறப்பட்ட இடத்து ஹேங்கரில் தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பிப் போய் எடுத்துவர அரை மணி நேரம். விளையாட உட்கார்ந்தவரை அரை மணி நேரம் வெறும் பயணத்தில் உட்கார வைப்பது அநியாயம்.

முதலில் உடனடியாக வரும்படி செய்தேன். பத்து வரி புரோகிராம் கோடு: கப்பலின் ஸ்டேஷன் எண்ணை மாற்று, கிரெடிட்டை (கேமுக்குள் புழங்கும் பணம்) கழி. ஒரு வாரம் எல்லாம் அருமையாக இருந்தது. பிறகு நண்பன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஜம்ப்பில், அதாவது ஒரே தாவலில், நீண்ட தூரம் போகும் ஒரு குட்டிக் கப்பலை டாக்ஸி மாதிரி வைத்துக்கொண்டான். போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் போர்க்கப்பலைக் கூப்பிட்டான். என் போர்க்கப்பல் ஒரு ஜம்ப்பில் 7 ஒளியாண்டுதான் தாண்டும், சரக்குக் கப்பல் 22 தாண்டும். அடிக்கத் தெரிந்தது தூரம் போகாது, தூரம் போவது அடிக்காது. மொத்த கேமும் நிற்பதே அந்தப் பேரத்தின் மேல்தான். பட்டன் வந்த நாளிலிருந்து அந்த 7 என்ற எண் சும்மா அலங்காரத்துக்கு இருந்தது.

பெரிய கேம்களும் இந்தச் சந்தியில் நின்று யோசித்திருக்கின்றன. எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி கேமில், வேறு ஸ்டேஷனில் நிற்கும் தன் கப்பலை வரவழைக்கும் வசதி 2016 அக்டோபரில் வந்தது. உடனே வந்துவிடும் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆடுபவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். தாமதம் வேண்டும் என்ற பக்கம்தான் ஜெயித்தது. தங்களுக்கே சிரமம் கேட்டு வாக்களித்தவர்கள்! ஆனால் அதே கேமில் 2017-இல் பிறர் கப்பலில் குழுவாக ஏறும் வசதி வந்தபோது, கேலக்ஸியின் எந்த மூலையில் இருந்தாலும் நொடியில் சேர்ந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். ஹோலோகிராம் உருவமாகத் தோன்றுகிறோம் என்று கதை சொன்னார்கள். நண்பர்களோடு ஆட ஒரு மணி நேரம் பறந்து வா என்று யாரிடமும் சொல்ல முடியாது, அது புரிகிறது. இருந்தாலும் ஹோலோகிராம் இவ்வளவு தூரம் போகுமென்றால் பைலட் எதற்கு நேரில் போகிறார் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நானும் தாமதத்தைப் போட்டேன். யாரோ ஒரு கூலி பைலட் ஓட்டி வருகிறார் என்பது கதை. ஒரு ஜம்ப்புக்கு 40 நொடி, அதற்குமேல் எரிபொருள் செலவு. வழி தேடும் கோடு கப்பலின் சொந்த ஜம்ப் தூரத்தை வைத்தே கணக்குப் போடும். அழகாக இருக்கிறதே என்று ஓட்டிப் பார்த்தால், தெற்கு ஓரத்து 11 ஸ்டேஷன்களுக்குப் போர்க்கப்பலுக்கு வழியே இல்லை! நடுவில் 9 ஒளியாண்டு இடைவெளி. 7 ஒளியாண்டு தாண்டுகிற கப்பலை எந்தக் கூலி பைலட்டும் அதைத் தாண்ட வைக்க முடியாது. நான் எழுதிய விதிக்கு நானே மாட்டிக்கொண்டேன்.

தானாகப் போக முடியாத கப்பலை இன்னொரு கப்பல்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடலில் இதை நிஜமாகவே செய்கிறார்கள். 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் குண்டுவெடிப்பில் சேதமான 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை, புளூ மார்லின் என்ற கப்பல் முதுகில் ஏற்றித்தான் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கப்பல் தன் தொட்டிகளில் நீரை நிரப்பித் தளத்தைத் தண்ணீருக்கு அடியில் இறக்கும். சுமக்க வேண்டியது மேலே மிதந்து வந்து நிற்கும். நீரை வெளியேற்றினால் தளம் அதையும் தூக்கிக்கொண்டு எழும்பும். இதைப் படித்த அன்றே கூலி பைலட்டை வேலையை விட்டு நிறுத்தினேன்.

இப்போது என் கேமில் ஆறு சுமைக்கப்பல்கள் பஸ் மாதிரி வழித்தடம் போட்டு ஓடுகின்றன. ஒரு ஜம்ப்புக்கு 15 ஒளியாண்டு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 90 நொடி. சரக்கு ஏற்றிய கப்பலை ஏற்றாது, காலி செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இதையே இலவச சரக்கு வண்டியாக்கிவிடுவான் நண்பன், அவனை எனக்குத் தெரியும். கணினிக் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளிக் கப்பலை வரவழைத்தவனும் அவனேதான். அதன் பிறகு கேமுக்குள் ஓடும் கடிகாரத்தை மட்டும் நம்புகிறேன்.

இதில் வந்த பக் (புரோகிராம் பிழை) ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பல் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இருக்கும் என்று நினைத்து சேவ் ஃபைலை வடிவமைத்திருந்தேன். வழியில் இருக்கும் கப்பலுக்கு ஸ்டேஷன் கிடையாது, அந்த இடம் காலி. காலியாக இருந்தால் கோடு அதை 0, 0, 0 என்ற இடமாக எடுத்துக்கொண்டது. என் மண்டலங்களில் 0, 0, 0 என்பது நட்சத்திரத்தின் நடு மையம். "அண்ணா, என் கப்பல் சூரியனுக்குள்ள நிக்குது" என்றாள் தங்கை. அடுத்த நொடி, "நின்னுச்சு."

பக் தீர்ந்தும் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருந்தது. சராசரியாக ஏழு நிமிடம். அதை நான்காகக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் தங்கை ஹேங்கர் திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு நேரத்தைப் பழைய ஏழுக்கே கொண்டுபோய்விட்டு, வரைபடத்தில் சுமைக்கப்பல் நகர்வதைக் காட்டினேன். எந்த நிறுத்தத்தில் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்தேன். அன்றைக்கு அவள் உட்காரவே இல்லை. வரைபடத்தைப் பார்த்தாள், தன் சரக்குக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு எதிரே போனாள், நடுவழி ஸ்டேஷனில் போர்க்கப்பலை வாங்கிக்கொண்டாள். மூன்று நிமிடம் மிச்சம் என்று பெருமை வேறு. பறந்ததில் அவள் செலவழித்த எரிபொருள் காசுக்கு இரண்டு முறை வரவழைத்திருக்கலாம், அதை நான் சொல்லவில்லை.

லோர், அதாவது கேமின் பின்னணிக் கதை, எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கப்பல் வெடித்தால் பைலட் உடனே கடைசியாக இறங்கிய ஸ்டேஷனில் கண் விழிக்கிறார். உயிர்க்காப்புக் கூடு, மீட்புப் படை என்று அதற்கு இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன். படித்த பிறகுதான் நண்பன், "அப்போ அந்த மீட்புப் படையிலயே ஏறி ஊருக்கு ஊர் போகலாமே?" என்றான். அதுவரை அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. இரண்டு பத்தியையும் அழித்துவிட்டேன்.

இந்த வாரத் தலைவலி வேறு. தங்கை கப்பலை அனுப்பச் சொல்லிவிட்டு, பாதி வழியில் மனம் மாறி 'ரத்து செய்' எங்கே என்று தேடுகிறாள். கிளம்பிய சுமைக்கப்பல் ஒருத்திக்காகத் திரும்பாது. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடும், கட்டியதில் பாதி திரும்ப வரும் என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த நிறுத்தம் அந்த 9 ஒளியாண்டு இடைவெளிக்கு அந்தப் பக்கம் இருந்தால் அங்கிருந்து கப்பலை எப்படி மீட்பாள் என்பதை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.