பென்சில்வேனியா கவர்னரும் எங்க ரிலீஸ் தேதியும்

2023 ஜனவரி 18, புதன்கிழமை. ஆபீஸ்ல பேகை கீழ வைக்கிறதுக்குள்ள பக்கத்து சீட்ல இருக்கிற அம்மா "இங்க வா, இதப் படி"ன்னு கூப்பிட்டாங்க. முந்தின நாள்தான் ஜாஷ் ஷபீரோ பென்சில்வேனியாவோட 48வது கவர்னரா பதவி ஏத்திருந்தாரு. மறுநாளே ஒரு உத்தரவுல கையெழுத்து, மாநில அரசு வேலைகள்ல 92 சதவீதத்துக்கு இனி நாலு வருஷ காலேஜ் டிகிரி கட்டாயம் இல்ல, கிட்டத்தட்ட 65,000 வேலை. அந்தம்மா இருபது வருஷத்துக்கு மேல எங்க ஆபீஸ் இருக்கிற மாநில அரசுத் துறைல இருக்காங்க, எங்க பழைய மெயின்ஃப்ரேம் சிஸ்டத்துல எந்த ஃபீல்டு எதுக்கு வந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஸ்பெக் டாக்குமென்ட்ல இல்லாதது எல்லாம் அவங்க தலைல இருக்கும், ஆனா அனலிஸ்ட் போஸ்டிங் வரும்போதெல்லாம் டிகிரி இல்லன்னு அப்ளிகேஷனே போட முடியாம இருந்தாங்க. ஸ்க்ரீனைக் காட்டிட்டு ஒண்ணும் பேசல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு இருந்தாங்க.

இத்தனைக்கும் அவங்க ஷபீரோவுக்கு ஓட்டுப் போட்டவங்க இல்ல. பெர்ரி கவுன்ட்டிலேர்ந்து (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) வர்றவங்க, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும் மான் வேட்டைக்கு லீவு போடுற குடும்பம், ஷபீரோவோட டெமாக்ரட் கட்சிக்கு எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சின்னு வெளிப்படையாவே சொல்வாங்க.

நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், எங்கப்பா போன்ல கேட்டப்பவும் இதத்தான் சொன்னேன். இங்க கவர்னர்னா டெல்லிலேர்ந்து அனுப்புற ஆள் மாதிரி கிடையாது, மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க, நம்ம முதலமைச்சர் செய்யிற வேலைதான் இவரு செய்றது. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நம்ம முதலமைச்சருக்கு சட்டசபைல மெஜாரிட்டி இருக்கும், இல்லன்னா அவர் முதலமைச்சரே இல்ல. இங்க அப்படி இல்ல. ஷபீரோ டெமாக்ரட், தேர்தல்ல சுமார் 15 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சவரு, ஆனா தலைநகர் ஹாரிஸ்பர்க்ல இருக்கிற சட்டசபைல, 2023ல மேல் சபையான செனட் ரிபப்ளிகன் கைல இருந்துச்சு, 28க்கு 22. கீழ் சபைல டெமாக்ரட்டுக்கு 102, ரிபப்ளிகனுக்கு 101, ஒரே ஒரு சீட்டு. அதாவது எதிர்க்கட்சி சரின்னு சொல்லாம ஒரு பட்ஜெட்டும் பாஸாகாது.

எனக்கு இது எல்லாம் மனசுல பதிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. அந்த மாசம்தான் என்னை டீம் லீடா போட்டாங்க. நான் கான்ட்ராக்டர், மெக்கானிக்ஸ்பர்க், கேம்ப் ஹில் பக்கம் குடியிருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் மாதிரி மாநில அரசு சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டுக்காக இந்த ஊருக்கு வந்தவன். எனக்குக் கீழ ரெண்டு கூட்டம். ஒண்ணு வெண்டர், அதாவது கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி பக்கத்து டெவலப்பர்ஸ், இன்னொண்ணு அரசு ஊழியர்கள், அவங்கதான் டெஸ்டிங் பண்ணி சைன்ஆஃப், அதாவது ரிலீஸுக்கு ஒப்புதல் குடுக்கணும். ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டாங்க. இவங்களுக்கு அவங்க ஸ்லோ, அவங்களுக்கு இவங்க ரெண்டு வருஷத்துல காணாமப்போற ஆளுங்க. அதனால புது கவர்னர் எப்படி சமாளிக்கிறாருன்னு பேப்பர்ல ஒவ்வொண்ணா பார்க்க ஆரம்பிச்சேன்.

முதல்ல கவனிச்சது, டிகிரி விஷயம் அவரோட சொந்த ஐடியா இல்ல. 2022லேயே மேரிலாண்ட்ல லாரி ஹோகனும் யூட்டால ஸ்பென்சர் காக்ஸும் செஞ்சிருந்தாங்க, ரெண்டு பேருமே ரிபப்ளிகன் கவர்னர்ஸ். அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த யோசனைன்னு ஒதுக்காம முதல் வேலையா இவர் அத எடுத்துக்கிட்டாரு. தேர்தல் நடத்துற பொறுப்புல, அதாவது செக்ரட்டரி ஆஃப் தி காமன்வெல்த் பதவில ஆல் ஷ்மிட்டை போட்டாரு. ஃபிலடெல்ஃபியால 2020 ஓட்டு எண்ணிக்கைல இருந்த ரிபப்ளிகன் கமிஷனர், முறைகேடு ஒண்ணும் நடக்கலன்னு சொன்னதுக்காக அவர் குடும்பத்துக்கே மிரட்டல் வந்துச்சு. தேர்தல் பொறுப்பை எதிர்க்கட்சிக்காரர் கைல குடுக்கிறது சின்ன விஷயம் இல்லன்னு நான் உண்மையாவே நம்பறேன்.

அப்புறம் அந்தப் பாலம். ஜூன் 11 ஞாயித்துக்கிழமை காலைல, ஃபிலடெல்ஃபியா டக்கோனி பகுதில ஐ-95 ஹைவேக்குக் கீழ பெட்ரோல் டேங்கர் ஒண்ணு கவுந்து தீப்பிடிச்சு, டிரைவர் இறந்துட்டாரு, மேல இருந்த ரோடு இடிஞ்சு விழுந்துச்சு. ஒரு நாளைக்கு 1,60,000 வண்டி போற ரோடு. மாசக்கணக்கா ஆகும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அவசரநிலை அறிவிச்சு டெண்டர் நடைமுறையைத் தள்ளி வச்சிட்டு, பக்கத்துலயே வேற வேலை செஞ்சிட்டிருந்த கான்ட்ராக்டரையே இறக்கினாங்க, யூனியன் ஆளுங்க ராத்திரி பகலா வேலை. பாலத்தை உடனே கட்டாம அந்தப் பள்ளத்தை பழைய கண்ணாடி பாட்டில்லேர்ந்து செய்யிற லேசான கல்லைப் போட்டு நிரப்பி அதுமேல ரோடு போட்டாங்க, அந்தக் கல்லும் பக்கத்து டெலவேர் கவுன்ட்டில செஞ்சதுதான். நடுவுல மழை வந்துச்சு, ஈர ரோட்டுல பெயின்ட் அடிக்க முடியாது, போகோனோ ரேஸ் டிராக்லேர்ந்து ஜெட் இன்ஜின் வச்ச ரோடு காயவைக்கிற வண்டியக் கொண்டுவந்தாங்க! இது எல்லாத்தையும் 24 மணி நேரமும் லைவா காட்டினாங்க. 12வது நாள், ஜூன் 23, வண்டி ஓடுச்சு.

எங்க ஆபீஸ்ல அந்த லைவ் ஒரு மானிட்டர்ல எப்பவும் ஓடிட்டே இருக்கும். டெவலப்பர் பசங்களும் அரசு ஊழியர்களும் காபி கப்போட ஒண்ணா நின்னு பார்த்தாங்க, ரோலர் போறத பார்க்கிறதுக்கு அவ்ளோ கூட்டம். அந்த பெர்ரி கவுன்ட்டி அம்மா டெய்லி காலைல "எவ்வளவு தூரம் நிரப்பிருக்காங்க"ன்னு எனக்கு ரிப்போர்ட் குடுப்பாங்க. வேலை எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி நடந்தா யார் எந்தப் பக்கம்னு கேக்க யாருக்கும் தோணலன்னு நினைச்சேன், அடுத்த வாரமே எங்க டாஸ்க் போர்டை எல்லாரும் பார்க்கிற மாதிரி நடு சுவத்துல ஒட்டினேன், அது நல்லாவே வேலை செஞ்சுது.

ஆனா பாலம் திறந்த ரெண்டே வாரத்துல இன்னொண்ணு நடந்துச்சு, எனக்கு அதுதான் பெரிய பாடம்.

பட்ஜெட் ஜூன் 30க்குள்ள முடியணும். ரிபப்ளிகன் செனட் பக்கத்துல கேட்டது ஸ்கூல் வவுச்சர், ரொம்பப் பின்தங்கின 15 சதவீத ஸ்கூல்கள் இருக்கிற இடத்துல, வருமானம் கம்மியான குடும்பத்துப் பிள்ளைங்க ப்ரைவேட் ஸ்கூல் போக 10 கோடி டாலர். ஷபீரோ பிரச்சாரத்துலயே அந்த யோசனைக்கு ஆதரவா பேசினவர்தான், அதனால அவர் நம்ம பக்கம் நிப்பாருன்னு செனட் அத வச்சே பட்ஜெட்டைப் பாஸ் பண்ணி அனுப்புச்சு. கீழ் சபைல அவரோட சொந்தக் கட்சி முடியவே முடியாதுன்னு நின்னுச்சு. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அந்தப் பிப்ரவரிலதான் கோர்ட், ஏழை ஊர் பப்ளிக் ஸ்கூலுக்குப் பணம் குடுக்கிற முறையே மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிருந்துச்சு, முதல்ல அதச் சரிபண்ணாம ப்ரைவேட் ஸ்கூலுக்கு எதுக்குப் பணம்னு கேட்டாங்க. கடைசில பட்ஜெட் நிக்கக்கூடாதுன்னு, நீங்க பாஸ் பண்ணுங்க, அந்த 10 கோடியை மட்டும் நான் வீட்டோ பண்ணி அடிச்சுடறேன்னு ஜூலை 5ல ஷபீரோ சொல்லிட்டாரு. கீழ் சபை பாஸ் பண்ணிடுச்சு. ஆனா கவர்னர் கைக்குப் போறதுக்கு முன்னாடி செனட்ல ஒரு கையெழுத்து வேணும், வெறும் ஃபார்மாலிட்டி, பேசினதை மீறிட்டார்ங்கிற கோபத்துல செனட் அதுக்குக் கூடவே இல்ல. 4,550 கோடி டாலர் பட்ஜெட் ஆகஸ்ட் 3 வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. அதுக்கப்புறமும் சில திட்டங்களுக்குப் பணத்தை விடறதுக்கான துணைச் சட்டங்கள் டிசம்பர் வரைக்கும் இழுத்துச்சு.

இத படிச்சப்ப எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா நானும் அந்த மாசம் அதையேதான் செஞ்சிட்டிருந்தேன். டெவலப்பர்ஸ் மீட்டிங்ல "ஆகஸ்ட் 18 ரிலீஸ், மாத்தமாட்டேன்"னு சொன்னேன். மறுநாள் டெஸ்டிங் பண்றவங்க "ஆறு வாரம் இல்லாம சைன்ஆஃப் தரமாட்டோம்"னு சொன்னப்ப அதுக்கும் சரின்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா நடக்காதுன்னு எனக்குத் தெரியும். எப்படியாவது நடுவுல சமாளிச்சுடலாம்னு ஒரு நம்பிக்கை, எல்லாரும் என்னை நல்லவன்னு நினைக்கணும்கிற ஆசை வேற. ரெண்டு பக்கத்தையும் கேக்கிறதும் ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டுறதும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன்.

கவர்னரை நான் குத்தம் சொல்லல. மாநிலம் பூரா ஸ்கூலும் கவுன்ட்டியும் பணத்துக்குக் காத்திருக்கும்போது ஏதோ ஒரு பக்கத்தை ஏமாத்தித்தான் ஆகணும்கிற நிலைமை அவருக்கு வந்துச்சு, எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்ல. ஆனா அந்த ஆதரவை வெளில சொன்னப்பவே தன் கட்சி இதுக்கு வருமான்னு கேட்டுப் பார்த்துட்டு சொல்லிருக்கணும்னு தோணுது. கீழ் சபை அவங்க கைல இருக்கும்போது அவங்க இல்லாம அது முடியாதுன்னு தெரிஞ்சிருக்கும்.

ஜூலை கடைசில ரெண்டு டீமையும் ஒரே ரூம்ல உக்கார வச்சேன். உங்க கிட்ட ஒண்ணு, அவங்க கிட்ட ஒண்ணு சொன்னேன், ரெண்டும் நடக்காதுன்னு சொன்னேன். வெண்டர் பக்கத்து சீனியர் ஒருத்தர் எழுந்து வெளிய போயிட்டாரு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. தேதி செப்டம்பர் 22க்குப் போச்சு, ஒரு ரிப்போர்ட் மாட்யூலை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினோம். யாருக்கும் சந்தோஷம் இல்ல. ஆனா அந்தத் தேதில ரிலீஸ் போச்சு, அதுக்கப்புறம் நான் சொல்ற தேதியை யாரும் இன்னொருத்தர்கிட்ட போய் செக் பண்ணல.

பெர்ரி கவுன்ட்டி அம்மா அடுத்த வருஷம் அனலிஸ்ட் போஸ்டுக்கு அப்ளை பண்ணி வாங்கிட்டாங்க, ரெண்டு மாடி மேல சீட்டு. அவங்களோட மக வேற ஊர்ல இருக்காங்க, பேரனோட ஸ்கூல் அந்த 15 சதவீதத்துல வர்றது, வவுச்சர் வரும்னு அந்தக் குடும்பம் காத்திருந்துச்சுன்னு எனக்கு அப்பதான் தெரியும். சீட்டு மாறுற அன்னிக்கு மான் கறி ஜெர்க்கி ஒரு பாக்கெட் குடுத்துட்டு, அடுத்த தேர்தல்ல என்ன பண்ணப்போறீங்கன்னு நான் கேட்டதுக்கு, "எனக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு, பாலத்தையும் போட்டாரு, அத நான் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா என் பேரன் விஷயத்துல சொன்னதச் செய்யல"ன்னாங்க. அப்புறம் அட்டைப்பெட்டிய எடுத்துக்கிட்டு லிஃப்டுக்குப் போனாங்க, நான் அவங்க செடித்தொட்டியத் தூக்கிட்டுப் பின்னாடி போனேன்.