‘எதுனாலும் பரவால்ல’ என்று சொல்லும் பாட்டியிடம் எப்படிக் கேட்பது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்போது நிரப்பும் பாரத்தில் இனிப்புநீர், இரத்த அழுத்தம், மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் இடமிருக்கும். எழுந்ததும் முதலில் கோப்பியா குளியலா, வெள்ளிக்கிழமை மரக்கறியா என்பதற்குப் பெரும்பாலும் இடமிருக்காது. ஆனால் பெரியவர்களின் நாள் நல்லபடி போவதும் போகாததும் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்கள் 2010 முதல் எம்டிஎஸ் 3.0 என்ற மதிப்பீட்டில் 16 கேள்விகளை அங்கே வசிப்பவரிடமே நேரில் கேட்கின்றன. உடை, குளியல், படுக்கும் நேரம், தனியாகப் போன் பேசுவது, பொருளைப் பூட்டிவைக்க இடம், பாட்டு, வெளிக்காற்று, வழிபாடு என்று அவை போகும். அன்றாட விருப்பங்களை இதைவிட விரிவாகக் கேட்கும் பெலி (PELI) என்ற பட்டியலில் 72 கேள்விகள். “எத்தனை மணிக்குப் படுப்பது என்று நீங்களே முடிவு செய்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?” என்கிற மாதிரிக் கேட்பார்கள். ரொம்ப முக்கியம், ஓரளவு, அவ்வளவாக இல்லை, முக்கியமே இல்லை என்ற நான்கோடு ஐந்தாவதாக ஒரு பதிலும் உண்டு: ‘முக்கியம்தான், ஆனால் என்னால் முடியாது, அல்லது இங்கே வழியில்லை.’ அந்த ஐந்தாவது பதில் வந்தால் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

நம் பெரியவர்களிடம் கேட்டால் வரும் முதல் பதில் “எதுனாலும் பரவால்லம்மா”. பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம், பக்கத்தில் நிற்கும் பணிப்பெண் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம். கேள்வி மலாயில் வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிடுவார்கள். ஆகவே தமிழில், பணியாளர் இல்லாத நேரத்தில், பசியாறிய பிறகு கேளுங்கள். காது மெஷின் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, கண்ணுக்கு நேராக உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு கேள்வி போதும். பதில்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டலாம். எழுத்து வாசிக்காதவர், மறதி நோய் உள்ளவர் என்றால் பொருளையே காட்டுங்கள்: ஒரு கையில் கைலி, மறு கையில் காற்சட்டை. எதை நோக்கிக் கை போகிறது, எதைக் கண்டதும் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் சொல்வது பழைய வழக்கத்தை அறிய உதவும். பேசக்கூடியவருக்குப் பதிலாக அவர்களைக் கேட்பது சரியாகாது.

குளியலில்தான் அதிகம் தவறுகிறது. ‘குளிக்க மறுக்கிறார்’ என்று குறித்துவைப்பார்கள். கொஞ்சம் விசாரித்தால், வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தே பழகியவருக்கு ஷவர் தண்ணீர் முகத்தில் அடிப்பது பயமாக இருந்திருக்கும். குளியல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாளியும் குவளையும் வைத்துக் குளிப்பாட்டலாம். தண்ணீர் 37 முதல் 40 டிகிரி; முழங்கையால் தொட்டுப் பார்த்து, பாதத்தில் தொடங்கி மேலே ஊற்றுங்கள். குவளையை அவர் கையில் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி எண்ணெய்க் குளியல் வேண்டும் என்பவர்களுக்கு, தலைக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், அறையில் உட்கார வைத்தே தேயுங்கள். உள்ளங்காலில் பட்டால் வழுக்கி விழுவார். எழுவதற்கு முன் காலைத் துடைத்துவிட வேண்டும்.

கோப்பியும் அப்படித்தான். விழுங்குவதில் சிரமம் என்று பானங்களைக் கெட்டியாக்கித் தரச் சொல்லியிருந்தால், கோப்பியையே நிறுத்திவிடுகிறார்கள். மற்ற பானங்களைக் கெட்டியாக்கும் அதே மாவைக் கோப்பியிலும் கலக்கலாம். எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் சொன்ன ஐடிடிஎஸ்ஐ (உணவு, பானங்களின் கெட்டியை வகைப்படுத்தும் சர்வதேச அளவுகோல்) நிலைப்படி வைக்க வேண்டும். பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து: நீரும் துண்டுமாக வாயில் பிரிந்து, நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதை அந்தச் சிகிச்சையாளரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால், அதே சட்டியில் சமைத்தது பரவாயில்லையா என்பதையும் கேளுங்கள். பலர் தானாகச் சொல்ல மாட்டார்கள், தட்டை மட்டும் தள்ளிவைப்பார்கள்.

கிடைத்ததை ஒரே பக்கத்தில், மலாயில், பத்து வரிக்குள் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். பணியாளர் மியன்மாரிலிருந்து வந்தவரானால் படமும் வேண்டும்: வாளி, கைலி, திருநீறு. ‘இசை பிடிக்கும்’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. ‘காலையில் மின்னல் எஃப்எம், சத்தம் குறைவாக’ என்று எழுதினால் நடக்கும். தனிப்பட்ட நோய் விவரம் அந்தத் தாளில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், தாளைக் கழற்றிவைத்துவிட்டு முதலிலிருந்து கேளுங்கள்.