ஆயிரவருட அரசாட்சியும் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்

போன வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேச்சு கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைச் சொல்லும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 20-ம் அதிகாரத்துக்குப் போனது, அப்புறம் பத்தரை மணிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மாமியார், முதலில் விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இயேசுவின் இரகசிய வருகை, பிறகு உலகத்துக்கு ஏழு வருட உபத்திரவம், பிறகு இந்தப் பூமியிலேயே இயேசுவின் ஆயிரவருட அரசாட்சி என்று உறுதியாகச் சொன்னார். லுத்தரன் சபையில் வளர்ந்த அண்ணனோ, ஆயிரம் என்பது அடையாள எண், கிறிஸ்து இப்போதே ஆளுகிறார் என்றார். சுவிசேஷம் பரவி உலகம் மாறிய பிறகே அவர் வருவார் என்ற கருத்தும் உண்டு, எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை.

பூமிக்குரிய அரசாட்சி, அடையாள எண் என்ற இரண்டும் பழைய நம்பிக்கைகள்தான். 2-ம் நூற்றாண்டில் பிஷப் ஐரேனியு பூமிக்குரிய அரசாட்சியை எதிர்பார்த்தார். பிற்காலத்து பிஷப் அகஸ்டீனும் முதலில் ஆயிரவருட ஆட்சியை அப்படித்தான் நம்பி, பிறகு அதைச் சபையின் காலம் என்று விளக்கினார். ஆனால் உபத்திரவத்துக்கு முன் இரகசிய வருகை என்பது 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவிய போதனை. நான் ஐரேனியு பக்கம்தான், ஆனாலும் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று பவுல் எழுதியதை (1 தெசலோனிக்கேயர் 4:16) இரகசியம் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. மாமியாரிடம் அதைச் சொன்னேன். பைபிளை விரித்து, “சரி, அடுத்த வாரம் இதையே படிப்போம்” என்றார்.