முத்து இறங்கும் வரை

மே 6

பாப்பாவின் வயிற்றில் இரண்டு முத்து, கழுத்தில் ஒன்று, காது மடலுக்குப் பின்னால் ஒன்று. அத்தை சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா வந்திருக்கா தாயி. இனி அடுப்புல தாளிச்சுக் கொட்டாத."

புனேக்குக் குடிபோகப் பாதி கட்டிய பெட்டிகள் ஹாலில் அப்படியே கிடக்கின்றன.

மே 7

காய்ச்சல் 102. சின்னம்மைதான் என்றார் டாக்டர். சிரப், அரிப்புக்குப் பூசக் காலமைன். ஆஸ்பிரின் கலந்த எதையும் கொடுத்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். எல்லாம் பொருக்குத் தட்டும் வரை வேறு பிள்ளைகளோடு சேர்க்கக் கூடாது. வாசல் நிலையில் வேப்பிலை செருகியாகிவிட்டது.

பாப்பாவின் அப்பா புனேயிலிருந்து கிளம்பி வருகிறேன் என்றார். அம்மை போட்ட வீட்டுக்கு ஊர் தாண்டி வரக் கூடாதாம், அத்தை தடுத்துவிட்டார். போனை வைத்த பிறகு எனக்குத்தான் யாரோடு பேசுவது என்று தெரியவில்லை.

பாப்பா டோரா படம் கேட்டாள். போட்டேன். முடிந்ததும் மறுபடியும்.

மே 8

கத்திரி வெயில். ஃபேன் காற்றே சுடுகிறது. பாயில் வேப்பிலை பரப்பி, மேலே பழைய வேட்டி விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். அரிக்கும்போது சொறியாமல் இருக்கக் கையில் ஒரு வேப்பங்கொத்து. அதை வைத்துக்கொண்டு லேப்டாப் திரையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறாள்.

கார்ட்டூன் டோரா இல்லை இவளுக்கு. 2019-ல் வந்த படம், நிஜப் பெண் நடித்தது. தங்க நகரத்தைத் தேடிப் போகும் கதை. வசனம் ஆங்கிலத்தில் ஓட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் கையைப் பிடித்து இழுப்பாள்.

ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்று வரும். சின்ன டோரா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நேராக நம்மைப் பார்த்து, "டெலிசியோஸோ சொல்ல முடியுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அம்மாவும் அப்பாவும் அவள் பார்க்கும் திசையில் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே யாரும் இல்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்பதுபோல் அப்பா சொல்வார். தியேட்டரில் எல்லாரும் சிரித்திருக்கக்கூடிய இடம்.

பாப்பா சிரிப்பதே இல்லை. "டெலிசியோஸோ!" என்று தொண்டை கட்டிய குரலில் பதில் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும்.

மே 9

வாய்க்குள் முத்து. இளநீர் கூட எரிகிறதாம். அழுகை.

மே 9, இரவு

103. தூக்கத்தில் "பூ வருது, பூ வருது" என்கிறாள். படத்தில் ராட்சசப் பூக்கள் நிற்கும் வெளி ஒன்று உண்டு. அதற்குள் ஓடும்போது பூவிலிருந்து பறக்கும் தூளை மூச்சில் இழுத்துவிடுவார்கள். உடனே படமே கார்ட்டூனாக மாறிவிடும்: பழைய உருண்டைத் தலை, பழைய டோரா. கொஞ்ச நேரம்தான். பகலில் அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டினாள். இப்போது அதே பூ அவளை என்ன செய்கிறதோ. ஈரத்துணியை நெற்றியிலிருந்து எடுக்கவே இல்லை.

அத்தை தெப்பக்குளம் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார்.

மே 10

101. விடிந்தபின் நுங்கு கொஞ்சம் சாப்பிட்டாள்.

மே 11

இடது இமை ஓரத்தில் ஒரு முத்து. சரியாக இமை முடி முளைக்கும் கோட்டில். காலையிலிருந்து அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பெல்லாம் நூறு இருக்கும், அது எதுவும் என்னைப் பயமுறுத்தவில்லை. அனுப்பிய போட்டோவைப் பார்த்த டாக்டர், கண்ணுக்குள் சிவப்போ வலியோ வெளிச்சம் கூசுவதோ இருந்தால் உடனே கூட்டி வாருங்கள், இல்லையென்றால் பயமில்லை என்றார். வெளிச்சம் கூசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜன்னலைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தேன். "ஏம்மா ஜன்னலோட விளையாடுற?" என்றாள். கூசவில்லை.

தழும்பு நின்றுவிடுமோ என்று கேட்டேன். சொறியாமல் இருந்தால் பெரும்பாலும் மறைந்துவிடுமாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.

மதியம் தூங்கிவிட்டாள். நான் மட்டும் படத்தைப் போட்டுப் பார்த்தேன், சத்தமில்லாமல். டோரா பள்ளிக்கூடத்துக்குப் போகும் பகுதியை. காட்டில் அம்மா அப்பாவோடு வளர்ந்தவளைப் பதினாறு வயதில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, அத்தை பையன் டியகோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பள்ளி வாசலில் பையைச் சோதிப்பார்கள். காட்டுக்கு வேண்டிய சாமான் ஒவ்வொன்றாக வெளியே வரும். பின்னால் நிற்கிற பிள்ளைகளின் முகம் மாறும். அவள் முகம் மாறாது.

மே 12

அதைப் பற்றியே யோசிக்கிறேன். அவள் முகம் மாறாதது.

விருந்துக் காட்சி. பிடித்த நட்சத்திரமாக வேஷம் போட்டு வரச் சொல்லியிருப்பார்கள். மற்றவர்கள் சினிமாக்காரர்கள் மாதிரி வர, டோரா சூரியனாக வருவாள். நட்சத்திரம்தானே. அத்தனை பேர் நடுவில் மனம்விட்டு ஆடுவாள். சிரிக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். வலிக்கவும் செய்யும். ஆனாலும் மறுநாள் வேறு பெண்ணாக வரமாட்டாள்.

இயக்கியவர் ஜேம்ஸ் பாபின். கார்ட்டூனைக் கிண்டலடித்து ஒரு படம் எடுப்பது எவ்வளவு சுலபம்! அவர் அதைச் செய்யவில்லை. சிரிப்பெல்லாம் டோராவைச் சுற்றி நடக்கிறதே தவிர, டோராவைக் கேவலப்படுத்தி ஒரு இடம்கூட இல்லை. அந்த நடிகையும் கண்ணடித்து "இதெல்லாம் சும்மா" என்று ஒரு தடவைகூட நமக்குச் சொல்வதில்லை. முழுசாக நம்பி நடித்திருக்கிறாள். முகமூடி போட்ட குள்ளநரி பேசுகிறது, ஏன் பேசுகிறது என்று யாரும் விளக்குவதும் இல்லை. அதுதான் சரி. எந்தக் குழந்தை அதற்கு விளக்கம் கேட்டது?

பின்பாதி எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. பெருவின் காடு, பாராபட்டா என்ற இன்கா நகரம், பொறிகள், கல்கதவுகள். இந்த மாதிரிப் படங்களில் எப்போதும் வருகிறதுதான். புதைமணல் வரும்போது பாப்பா என் மடிக்கு வந்துவிடுவாள், அதற்காகப் பிடிக்கும்.

மே 13

புதிதாக எதுவும் கிளம்பவில்லை. முதுகில் முத்து வாட ஆரம்பித்திருக்கிறது.

மே 14

அவருடைய சித்தி மகள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். அவளுக்கு இது மூன்றாம் மாதம், உள்ளே வரவேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். உள்ளே பாப்பா லேப்டாப்பிடம், சுவரிடம், வேப்பங்கொத்திடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க பார்ப்போம்! காலமைன்!"

"என்னண்ணி, பிள்ள காத்தோட பேசுது? புனேல இப்படிப் பேசுனா கேலி பண்ணிற மாட்டாங்க?"

பதில் சொல்லவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் நான் ராத்திரியில் கேட்டுக்கொள்ளும் அதே கேள்வியை வாசலில் நின்று இன்னொருத்தி கேட்டதும் உடம்பு பதறிவிட்டது.

மே 15

சுட்டி டிவி 2007-ல் வந்தது. பள்ளி விட்டு வந்ததும் தம்பிக்காகப் போடுவோம். 'டோராவின் பயணங்கள்'. டோரா, குரங்கு புஜ்ஜி, வரைபடம், பேசுகிற பை. குள்ளநரி வரும்போது தெருவே சேர்ந்து தடுக்கும். அவ்வளவு வீடுகளில் ஒரே நேரத்தில் அது ஓடியது.

எனக்கு நினைவில் நிற்பது அந்த இடைவெளி. கேள்வி கேட்டுவிட்டு டோரா பேசாமல் நிற்பாள். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவாள். டிவியில் எதுவும் நடக்காது. அந்த நேரத்தில் தம்பி எழுந்து நின்று, கழுத்து நரம்பு தெரியக் கத்துவான். அவன் கத்தி முடித்ததும் டோரா, சரியாகச் சொன்னாய் என்பாள். அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். அவள் நிஜமாகவே அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த நிகழ்ச்சியின் உயிரே அந்த மௌனத்தில் இருந்தது. குழந்தைக்காக ஒதுக்கி வைத்த இடம் அது. நிஜ மனிதர்கள் நடிக்கும் படத்தில் அதை வைத்தால் என்ன ஆகும்? அம்மா அப்பா திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் இருக்க மாட்டார்கள். கார்ட்டூனில் பேச்சுத்துணையாக இருந்தது படத்தில் தனிமை ஆகிவிடுகிறது. கூடப் பிறந்தவர் இல்லாமல், காட்டில், குரங்கோடு வளர்ந்த பெண். சிரிப்புக்காகத்தான் அந்தக் காட்சியை வைத்திருக்கிறார்கள், ஆனால் எனக்கு அடிவயிறு பிசைகிறது.

பாப்பாவுக்கும் கூடப் பிறந்தவர் இல்லை.

மே 16

முதல் தண்ணி. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவை முற்றத்து வெயிலில் வைத்து, சூடேறியதும் ஊற்றினார் அத்தை. குலவை போட்டார். பாப்பாவும் போட முயன்றாள்.

மே 17

அந்த நடிகையின் பெயர் இசபெலா மோனர். அம்மா பெருவில் பிறந்தவர். படத்துக்காகப் பெருவின் பழங்குடி மொழியான கெச்சுவாவில் வசனங்களைக் கற்றுக்கொண்டு பேசியிருக்கிறார். இப்போது இசபெலா மெர்செட். இறந்துபோன பாட்டியின் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார். இதைச் சொன்னதும் பாப்பா, "அப்ப நானும் அப்பத்தா பேர வச்சுக்கவா?" என்றாள். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாங்கள் கிளம்பினால் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். கூட வாருங்கள் என்றால் ஆட்டையும் வீட்டையும் யார் பார்ப்பது என்கிறார்.

மே 18

காடு எங்கே இருக்கிறது, போகலாமா என்று கேட்டாள். கதைக்குப் பெரு, படம் பிடித்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் என்றேன். "புனேக்கு அந்தப் பக்கமா?"

2025-ல் வேறொரு பெண் நடித்து இன்னொரு டோரா படமும் வந்திருக்கிறது. அதன் படத்தைக் காட்டினேன். "இது டோரா அக்கா இல்ல." பேச்சு முடிந்தது.

மே 19

இமை முத்து உதிர்ந்துவிட்டது. தழும்பு இல்லை. இல்லை. மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை.

மே 20

இரண்டாம் தண்ணி.

மே 21

புதுப் பள்ளியிலிருந்து வீடியோ அழைப்பு. ஆசிரியை ஒருவர், பக்கத்தில் இன்னொருவர். பெயர், வயது, நிறங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். முகத்தில் இன்னும் பொருக்கு இருக்கிறதே என்று விசாரித்தார்கள். பாப்பா போனுக்குக் கிட்டே போய் நேராகப் பார்த்து, "சின்னம்மை. சொல்லுங்க பார்ப்போம்!" என்றாள். தமிழில்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசையில் அந்த அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டது போலவே. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏதாவது இந்தியில் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளை மடியில் இழுத்து வைத்து, சும்மா இரு என்றிருக்கலாம். எதையும் செய்ய மனம் வரவில்லை. திரைக்கு வெளியே நின்றபடி நான் சத்தமாகச் சொன்னேன்: "சின்னம்மை!" அடுப்படி வாசலிலிருந்து அத்தையும் சொன்னார்.

அந்தப் பள்ளியின் அடுத்த கேள்வி சீருடை அளவைப் பற்றி.

அவள் மாறக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளப் போவதில்லை. மாறினால் மாறட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் அவள் கேட்கும் வரை பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவரிடமும் ராத்திரி போனில் சொல்லிவிட்டேன், வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, கேட்டால் பதில் சொல்லணும் என்று. "என்ன கேட்பா?" என்றார். "எதையாவது கேட்பா."

மே 22

மூன்றாம் தண்ணி நாளை மறுநாள். கூழ் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு ஊற்ற வேண்டும், கேப்பை மாவு வாங்கணும். லேப்டாப் சார்ஜரைப் பெட்டியில் கடைசியாக வை என்கிறாள்.

மே 23

டிக்கெட் இன்னும் உறுதியாகவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் 9. அத்தைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை