டிராமில் போய்க் குதிரை பார்ப்பது

ஹாங்காங்குக்கு வேலையாக வந்து, புதன்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: ஹாப்பி வேலி குதிரைப் பந்தய மைதானத்துக்கு டிராம் ஏறுங்கள். எனக்குப் பந்தயப் பித்து கிடையாது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்டால், பெயர் நன்றாயிருக்கிற குதிரையைத்தான் காட்டுவேன். நான் போவதில் பாதி டிராமுக்காக.

போன் மேப் எம்டிஆர் என்கிற மெட்ரோ ரயிலில் காஸ்வே பே வரை போய், அங்கிருந்து நடக்கச் சொல்லும். சீக்கிரம் போய்ச் சேரலாம், மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்துக்குள்ளேயே வந்து வெளியே தலைநீட்டினால், ஊரில் எந்த மூலையில் நிற்கிறோம் என்றே வெளியாளுக்குப் பிடிபடாது.

டிராம் 1904லிருந்து ஓடுகிறது. ஒல்லியான மாடி வண்டிகள். ஒரே தண்டவாளத்தில் வெவ்வேறு இடங்களுக்குப் போகிறவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், அதனால் முதலில் வந்ததில் தொற்றிக்கொள்ளக் கூடாது. வண்டியின் நெற்றியில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் போகுமிடம் போட்டிருக்கும். ‘ஹாப்பி வேலி’ என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். மற்றவை கிழக்குப் பக்கம் நேரே போய்விடும். இது மட்டும் பிரதான சாலையை விட்டுத் திரும்பி, பந்தய மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வரும்.

ஏறுவது பின்னால், இறங்குவது முன்னால், காசும் இறங்கும்போதுதான். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 3 ஹாங்காங் டாலர் சொச்சம். உண்டியலில் நோட்டைப் போட்டால் மீதி வராது. ஹாங்காங்கில் வந்து இறங்கியதுமே, பணம் போட்டுவைத்துத் தட்டுகிற ஆக்டோபஸ் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையில்லை, பந்தய வாசலிலும் அதையே தட்டலாம்.

மாடியில் முன்சீட்டுக்கு அடித்துப்பிடித்து ஏறிவிடுவேன். ஒருநாள் எனக்கு முன்பே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பந்தயப் பேப்பரை உள்ளங்கை அளவுக்கு மடித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவதும், யோசித்து அதையே அடிப்பதுமாக இருந்தார். வண்டி குலுங்கும்போது மட்டும் பேனாவைத் தூக்கிக்கொள்வார், அவ்வளவு பழக்கம். இப்படி ஒருவர் கண்ணில் பட்டால் உங்களுக்கு மேப் தேவையில்லை. அவர் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

பொது வாசலில் 10 டாலர். 18 வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள், குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்கவும். உள்ளே போய் நின்றால் கொஞ்ச நேரம் குதிரை கண்ணில் படாது. சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் விளக்கு வெள்ளத்தில் பச்சைப் புல், ஓடுபாதைக்கு உள்ளே கால்பந்து மைதானங்கள். ஒருகாலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த இடம் இது. 1846லிருந்து இங்கே குதிரை ஓடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் வரிசையாகக் கல்லறைகள். யார் பார்த்து இப்படி இடம் ஒதுக்கினார்களோ!

திரும்பும்போது டிராமை நம்பாதீர்கள். கடைசிப் பந்தயம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும், நிறுத்தத்தில் கால் வைக்க இடமிருக்காது, டாக்சிக்கும் அதே கதைதான். கூட்டத்தோடு கூட்டமாகக் காஸ்வே பே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவது உத்தமம். கால் மணி நேரம், சமதரை.

கிளம்புமுன் அன்றைக்குப் பந்தயம் எங்கே என்று பந்தயம் நடத்துகிற ஜாக்கி கிளப்பின் அட்டவணையில் பாருங்கள். இரவுப் பந்தயம் பெரும்பாலும் புதன்கிழமை ஹாப்பி வேலியில், வாரக்கடைசிப் பகல் பந்தயம் 1978ல் திறந்த ஷா டின் மைதானத்தில். கோடையில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இரண்டிலும் கிடையாது. ஷா டினுக்கென்று ஈஸ்ட் ரயில் பாதையில் ‘ரேஸ்கோர்ஸ்’ என்றே தனி ஸ்டேஷன் உண்டு, பந்தய நாளில்தான் அங்கே ரயில் நிற்கும். வாசலிலேயே கொண்டுபோய் விடுகிற வசதி அது. எனக்கென்னவோ அதில் ருசியில்லை.